இசைத்தட்டா, இறுவட்டா: வீட்டிலேயே ஒலித்தரத்தை ஒப்பிட்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஐயா தன் ரேடியோகிராமுக்கென்று வாங்கிச் சேர்த்த நெடுநேர இசைத்தட்டுகளில் (எல்.பி.) பதினொன்று மட்டுமே 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வைத் தாண்டி எங்களுக்கு மிஞ்சின. அவற்றுள் நான்கு, பல ஆண்டுகளின் பின் ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தானின் பெட்டிக்குள் இறுவட்டுகளாகவும் (சீடி) இருந்தன. ஒரே கச்சேரி இரண்டு வடிவத்திலும் கையில் கிடைத்ததால், மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, தட்டில்தான் குரல் நிறைவாக இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டின் ஒலியளவையும் மீற்றர் வைத்து அளந்தபோது, தட்டு ஏறத்தாழ 3 டெசிபல் கூடுதலாக ஒலித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவ்வளவு காலமும் நான் ஒப்பிட்டது அம்பிளிபயரின் குமிழை மட்டுமே.

அந்த வெட்கத்திற்குப் பிறகு ஒழுங்குபடுத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஒலியில் வேறுபாடு புகக்கூடிய இடங்கள் நான்கு: பதிவு எவ்வாறு தயாரிக்கப்பட்டது, கருவி எவ்வாறு பொருத்தப்பட்டது, எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம், கடைசியாகத்தான் தட்டா வட்டா என்ற கேள்வி. முதல் மூன்றையும் விலக்காதவரை நான்காவதைப் பற்றி நாம் சொல்வது வெறும் பேச்சு. ஆகவே படிகளை வரிசை மாற்றாமல் செய்யவேண்டும்.

தொடங்குமுன் தெரிந்திருக்கவேண்டியவை

1948 இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேர இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ தடவை சுழல்கிறது. ஸ்ரீரியோத் தட்டில், ஊசி ஓடும் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகை சரிவில் நின்று, ஒன்று இடப்பக்க ஒலியையும் மற்றது வலப்பக்க ஒலியையும் தாங்குகின்றன. தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் செக்கனுக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் ஓடுகிறது. உள்வட்டத்தை அடையும்போது அது 21 சென்ரிமீற்றராகக் குறைந்துவிடுகிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் விசாலமாக எழுதத் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதும் பிள்ளையின் நிலைதான் இங்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ச', 'ஸ' ஒலிகள் உரசுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று தட்டின் இடத்தை விழுங்கிவிடும். ஆகவே வெட்டும்போது தாழ்மீடிறன்களை (மீடிறன் என்பது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அலகு ஹேர்ட்ஸ்) குறைத்தும் உயர்மீடிறன்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். 1954 இலிருந்து பொதுவாக ஏற்கப்பட்ட, அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சங்கத்தின் (ஆர்.ஐ.ஏ.ஏ.) வளைகோட்டின்படி 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைப்பும், 20,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டலும் உண்டு. வீட்டில் போனோ முன்பெருக்கி (ஊசியிலிருந்து வரும் நுண்ணிய மின்னலையைப் பெருக்கும் பகுதி) இதைத் திருப்பிச் சரிசெய்கிறது.

இறுவட்டு 1982 ஒக்டோபர் 1 ஆம் திகதி யப்பானில், சோனியின் சிடிபி-101 கருவியோடு விற்பனைக்கு வந்தது. அது ஒலியைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கிறது. இதனால் 22,050 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் கீழ் வரையான மீடிறன்களும், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சும் கிடைக்கின்றன. நல்ல நிலையிலுள்ள தட்டில் இந்த வீச்சு 55 முதல் 70 டெசிபல் வரைதான். அளவுகளுக்கு இடையில் இசை படிக்கட்டாக உடைந்துபோகிறது என்று படம் வரைந்து காட்டுபவர்களை நம்பவேண்டாம். அந்த எல்லைக்குட்பட்ட அலையை எண்களிலிருந்து முழுமையாக மீட்டெடுக்க முடியும் என்பது கணிதம்; கருவியிலிருந்து வெளிவரும் மின்னலையில் படிக்கட்டு எதுவும் இருப்பதில்லை.

கடதாசியில் பார்த்தால் வழக்கு இத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த 96 டெசிபல் வீச்சை, இறுவட்டைத் தயாரித்தவர் பயன்படுத்தினாரா என்பது தனிக் கேள்வி.

படி 1: ஒப்பிடத்தக்க சோடியைத் தெரிதல்

ஒரே பாட்டு என்பது போதாது. ஒரே பதிவாக இருக்கவேண்டும். பாடகர் பின்னாளில் மீண்டும் பாடிப் பதிந்ததையும் பழைய தட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் பயனில்லை. பக்கவாத்தியக்காரரின் பெயர்களையும் பாட்டின் நேரத்தையும் இரண்டு உறைகளிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இறுவட்டு உண்மையான இறுவட்டா என்று பார்க்கவேண்டும். தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக மினுங்கும். கணினியில் எழுதிய வட்டு பெரும்பாலும் நீலமாகவோ இளம்பச்சையாகவோ தெரியும். நமது கடைகளில் முன்னர் இறுவட்டு என்று விற்கப்பட்டவற்றில் கணிசமானவை எம்பி3 கோப்புகளிலிருந்து எழுதப்பட்டவை. சந்தேகம் வந்தால், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து நிறமாலைக் காட்சியைப் பாருங்கள். ஏறத்தாழ 16,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அது நெருக்கிச் சுருக்கிய கோப்பிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து இறுவட்டைக் குறைசொல்வது நியாயமாகாது.

அதே மென்பொருளில் அலைவடிவத்தையும் பாருங்கள். நல்ல முறையில் தயாரித்த பதிவு கதியால் வேலி போல உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும். 1990களிலிருந்து, எல்லாப் பாட்டும் உரத்துக் கேட்கவேண்டும் என்ற போட்டியில் அமுக்கித் தயாரிக்கப்பட்ட இறுவட்டுகளோ, மேலும் கீழும் மட்டம் பார்த்துக் கட்டிய மதில் போலத் தெரியும். அத்தகைய வட்டில் தவிலின் அடிக்கும் வயலினின் இழைவுக்கும் இடையிலான இடைவெளி தயாரிப்பு மேசையிலேயே தொலைந்துவிட்டது. 96 டெசிபல் கொள்ளக்கூடிய பாத்திரத்தில் பத்து டெசிபலை மட்டும் ஊற்றியவர்மேல்தான் பிழை; பாத்திரத்தில் பிழை இல்லை. இசைத்தட்டே நல்லது என்று வாதிடுபவர்கள் பலர் உண்மையில் கேட்டது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் எண்ணம், அவர்களின் காதுக்கு நான் மரியாதை கொடுப்பதும் அதனால்தான். எதிர்ப்பக்கத்தில், அண்மைக் காலத்தில் அச்சிடப்படும் புதிய இசைத்தட்டுகளில் பல டிஜிற்றல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன என்பதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

நிமிடத்திற்கு 78 தடவை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளை (78 சுற்றுத் தட்டுகள்) இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். அவற்றுக்கு ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர் முனையுள்ள தடித்த ஊசி தேவை. நெடுநேரத் தட்டுக்குரிய ஊசியின் முனை 0.018 மில்லிமீற்றர் அளவுதான். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடும் அவற்றுக்குப் பொருந்தாது.

படி 2: கழுவுதல்

யாழ்ப்பாணத்தில் தட்டுக் கழுவுபவர் முதலில் தன் கிணற்றை மறக்கவேண்டும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே பள்ளத்திலும் படிந்து, காய்ந்தபின் ஊசிக்குக் கீழே பொரியும். காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பற்றரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீர் போதும். கடையில் கேட்கும்போது பற்றரி அசிட்டைத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போத்தல்கள் இரண்டும் கடையின் ஒரே அலுமாரித் தட்டில்தான் இருக்கும்.

அந்த நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரால் மீண்டும் இரண்டு முறை அலசவேண்டும். நடுவிலுள்ள கடதாசி நனையக்கூடாது. அற்ககோல் கலந்த திரவத்தை 78 சுற்றுத் தட்டில் ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். கழுவிய தட்டை வெயிலில் காயவைத்தால் மாலைக்குள் அப்பளமாக வளைந்துவிடும், ஆகவே நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

இறுவட்டை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும். தரவு சுருளாக ஓடுவதால், வட்டமாகத் துடைத்து விழும் கீறல் அடுத்தடுத்த பல பிட்டுகளைச் சேர்த்து அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டை மட்டுமே மறைக்கும். தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளம் வரை தொடர்ந்து மறைந்தாலும், வட்டிலுள்ள பிழைதிருத்த முறை அதை முழுமையாக மீட்டுவிடும்.

படி 3: வேகத்தைச் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், நமது ஊரில் தாண்டவே கூடாத படியும் இதுதான். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டுமே குறைக்கும். 60 ஐ 50 ஆக்கியோ 50 ஐ 60 ஆக்கியோ தராது. மின்சாரத்தின் மீடிறனைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார் உள்ள பழைய டேர்ன்ரேபிளை (தட்டுச்சுழற்றியை) அங்கிருந்து கொண்டுவந்து இங்கே செருகினால், அது 33⅓ க்குப் பதிலாக 27.8 சுற்றுகளே சுழலும்.

அத்தான் அனுப்பிய டேர்ன்ரேபிளில் முதல் தட்டைப் போட்டபோது நடந்ததும் இதுதான். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அம்மணி மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கியிருந்தார். 3 நிமிடம் 20 செக்கன் ஓடவேண்டிய பாட்டு 4 நிமிடம் ஓடியது. குசினியிலிருந்த அம்மா எட்டிப்பார்த்து, "பாடுறவாவுக்கு என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டார்.

வார்ப்பட்டியால் சுழலும் கருவியாக இருந்ததால், மோட்டார்க் கப்பியின் விட்டத்தை 1.2 மடங்காக்கினால் போதும் என்று கணக்குப் போட்டு, 20 மில்லிமீற்றர் கப்பிக்குப் பதிலாக 24 மில்லிமீற்றரில் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினேன். அதிலும் வேகம் அரை வீதம் குறைவாகவே வந்தது. வார்ப்பட்டியின் தடிப்பையும் சேர்த்துப் பெருக்கவேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். கடைந்த உலோகத்தை ஒட்டவைக்க முடியாது என்பதால், இரண்டாவது கப்பிக்கும் காசு கொடுக்கவேண்டியதாயிற்று. நேர்மின்னோட்ட மோட்டாரோ குவாட்ஸ் கட்டுப்பாடோ உள்ள கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாங்குமுன் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வேகத்தைப் பார்க்க எளிய வழி, 180 கோடுகள் சமமாக வரைந்த வட்டக் கடதாசி ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, சோக் பொருத்திய பழைய ரியூப்லைற்றின் கீழே சுழலவிடுவது. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்குவதால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். பின்னோக்கி நகர்ந்தால் வேகம் குறைவு. பெரும்பாலான எல்ஈடி விளக்குகளின் கீழ் இது தெளிவாகத் தெரியாது. 60 ஹேர்ட்ஸுக்குரிய கடதாசியில் 216 கோடுகள் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். மின்பிறப்பாக்கி ஓடும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். அதன் மீடிறன் சுமைக்கேற்ப ஏறி இறங்குவதால், விளக்கும் மோட்டாரும் சேர்ந்தே தவறும். கோடுகள் மட்டும் அசையாமல் நின்று உங்களை ஏமாற்றும்.

படி 4: ஊசி, பாரம், மேசை

ஊசியின் பாரம், அதைத் தாங்கும் கார்ட்றிஜ்ஜைத் தயாரித்தவர் சொன்ன அளவில் இருக்கவேண்டும். இன்றைய காந்தக் கார்ட்றிஜ்களில் பொதுவாக 1.5 முதல் 2 கிராம். பாரம் குறைந்தால் தட்டு பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. பாரம் குறைந்த ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதித் துள்ளி, கூடுதல் சேதம் செய்யும். நகை நிறுக்கும் சிறிய இலத்திரனியல் தராசு இதற்கு நன்றாக உதவும். கார்ட்றிஜ் பள்ளத்தோடு அமையும் கோணத்தை, அச்சிட்ட கடதாசி அளவியால் நடுவிலிருந்து 66, 120.9 மில்லிமீற்றர் தூரங்களில் சரிபார்க்கலாம். வைர ஊசி என்றால் 500 முதல் 1,000 மணிநேரத்திற்குள் மாற்றிவிடவேண்டும். ஐயா காலத்து ரேடியோகிராமின் பாரமான பீங்கான் கார்ட்றிஜ்ஜில் நல்ல தட்டைப் போடாதீர்கள்; ஒப்பீட்டுக்கு அது உதவாது, தட்டுக்கும் கேடு.

பிறகு மேசையைச் சோதியுங்கள். சுழலாத தட்டின்மேல் ஊசியை வைத்து, ஒலியைக் கூட்டி, மேசையை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தும்' என்று கேட்டால், பாட்டு ஓடும்போதும் ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பி, தாழ்ந்த ஒலிகளை ஊதிக் காட்டுகிறது என்று பொருள். தட்டின் 'இதமான' ஒலி என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இந்த மேசையின் பங்களிப்பு. ஸ்பீக்கரை வேறு இடத்திற்கு மாற்றி, டேர்ன்ரேபிளைச் சுவரில் அறைந்த பலகைக்குக் கொண்டுபோனதும் எங்கள் வீட்டு இதம் பாதியாகக் குறைந்தது.

படி 5: இணைப்பு

காந்தக் கார்ட்றிஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ற். இறுவட்டுக் கருவி தருவது உச்சத்தில் ஏறத்தாழ 2 வோல்ற். முதலாவதைப் போனோ வாயிலிலும் இரண்டாவதை ஓக்ஸ் வாயிலிலும் செருகுங்கள். மாற்றிச் செருகினால் தட்டு தகரமாக ஒலிக்கும், வட்டு அலறும். அம்பிளிபயரின் பேஸ், ட்றெபிள் குமிழ்கள் இரண்டையும் நடுவில் நிறுத்தி, அவற்றை இனித் தொடாதீர்கள்.

படி 6: ஒலியளவைச் சமப்படுத்துதல்

சற்றே உரத்த ஒலி நம் காதுக்குத் தரமான ஒலியாகத் தோன்றும். அரை டெசிபல் வேறுபாட்டை நாம் 'சத்தம் கூட' என்று உணர்வதில்லை, 'தெளிவு கூட' என்றே உணர்கிறோம். ஆகவே இரண்டையும் 0.2 டெசிபலுக்குள் கொண்டுவரவேண்டும். காதால் இதைச் செய்ய முடியாது, கைத்தொலைபேசிச் செயலியாலும் நம்பகமாகச் செய்ய முடியாது.

கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள் இதற்கு வசதியானவை. பாட்டுக்கு முன் சில செக்கன்கள் தம்புராச் சுருதி மட்டும் ஒலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சாதாரண மல்ரிமீற்றரை ஆடலோட்ட மில்லிவோல்ற் நிலையில் வைத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் பிடித்து அளவுங்கள். தட்டில் சராசரி 200 மில்லிவோல்ற் என்றால், வட்டில் 196 க்கும் 204 க்கும் இடையில் வரும்வரை குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் குமிழின் ஓரத்தில் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களையும் தனித்தனியே அளக்கவேண்டும். முதற்படியில் மதிலாகத் தெரிந்த வட்டில், அமுக்கத்தால் சுருதியும் குரலளவுக்கு மேலெழுந்துவிட்டிருக்கும்; அதை எந்த இடத்தில் சமப்படுத்தினாலும் மற்ற இடத்தில் பிசகும். அந்தச் சோடியை ஒதுக்கிவிடுவதே நல்லது.

படி 7: எதைக் கேட்பது

இரவு பத்து மணிக்குப் பின், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விசிறியின் இரைச்சலுக்குள் தட்டின் இரைச்சல் ஒளிந்துகொள்ளும், அது தட்டுக்குச் செய்யும் சலுகை.

நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையைப் போல வேகத் தளம்பலைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. தட்டின் நடுத்துளை சற்று விலகியிருந்தாலும், 1.8 செக்கனுக்கு ஒரு தடவை சுரம் மெல்ல ஏறி இறங்கும். கமகத்துக்குப் பழகிய காது அதை வித்துவானின் வேலை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் கமகம் பாட்டின் போக்கிற்கு ஏற்ப வரும், தளம்பலோ தட்டின் சுற்றுக்கு ஏற்பத் தவறாமல் வரும். இறுவட்டில் இந்தத் தளம்பல் காதுக்கு எட்டாத அளவு.

தவிலில் வலந்தலையையும் தொப்பியையும் பிரித்துக் கேளுங்கள். விரற்கூடுகளின் விளிம்பு வலந்தலையில் படும் கூர்மை, வேகமாக எழுந்து அடங்கும் ஒலிக்கான சோதனை. கழி தொப்பியில் விழும் கனம், தாழ்ந்த ஒலிக்கான சோதனை. ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் அடைத்த தட்டில் இந்தக் கனம் குறைந்திருப்பதைக் கேட்கலாம், ஏனெனில் பள்ளங்களை நெருக்குவதற்காகத் தாழ்ந்த ஒலியையும் மொத்த அளவையும் குறைத்தே வெட்டியிருப்பார்கள். கடைசியாக, ஒவ்வொரு பக்கத்தின் முதற்பாட்டையும் கடைசிப்பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; தட்டு தனக்கே போட்டியாக நிற்கும் இடம் அது.

படி 8: கண்மூடிச் சோதனை

தட்டையும் அதே பதிவின் இறுவட்டையும் நேரடியாகக் கண்மூடிச் சோதிப்பது வீண் வேலை. கீறல் ஒலி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஊடகத்தை மட்டும் சோதிக்க வேறு வழி உண்டு. போனோ முன்பெருக்கியின் வெளியீட்டைக் கணினிக்குக் கொடுத்து, தட்டையே 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் அளவில் பதிந்து, இறுவட்டாக எழுதிக்கொள்ளுங்கள். இப்போது கீறல் இரண்டிலும் உண்டு, தயாரிப்பும் ஒன்று, டேர்ன்ரேபிளும் ஒன்று. மிச்சமுள்ள வேறுபாடு இறுவட்டின் எண்களால் வந்தது மட்டுமே. ஆறாம் படியின்படி மீண்டும் சமப்படுத்தி, உதவிக்கு ஒருவரை வைத்து, நாணயம் சுண்டிப்போட்டு எது ஒலிக்கவேண்டும் என்று தீர்மானிக்கச் செய்து, 16 முறை கேட்டு எழுதுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கூட இல்லை.

நான் முதல் தடவை 14 சரியாகச் சொன்னேன். பெருமைப்பட்டு முடிப்பதற்குள், உள்ளீட்டைத் தெரியும் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்த மருமகன், "மாமா, நீங்கள் பாட்டைக் கேக்கேல்லை, சுவிச்சைத்தான் கேக்கிறியள்" என்றான். போனோவுக்குத் திருப்பும்போது ஒரு 'டிக்', ஓக்ஸுக்குத் திருப்பும்போது வேறொரு 'டிக்'. ஒவ்வொரு முறையும் ஒலியைப் பூச்சியமாக்கி, அந்தக் குமிழை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு நிறுத்தச் சொல்லி, மறுபடி கேட்டபோது 9 சரியாக வந்தது. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதே போன்றதொரு சோதனையைப் பெரிய அளவில் செய்து 2007 இல் வெளியிட்டார்கள். உயர்தர டிஜிற்றல் பதிவை 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் வழியாகச் செலுத்தியபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

இதன் பிறகு கடையில் வாங்கிய இறுவட்டை எடுத்து, படி ஏழில் சொன்ன இடங்களைத் தட்டோடு வைத்துக் கேட்டு, சோடி ஒவ்வொன்றுக்கும் தனித் தாளில் முடிவை எழுதுங்கள். ஒன்றின் முடிவு மற்றதற்குச் செல்லாது. எங்கள் நான்கு சோடிகளில் ஒன்றில் இறுவட்டு தெளிவாக மேல். பதிவின் மூலம் நன்றாகப் பேணப்பட்டிருக்கவேண்டும், தம்புராவுக்குப் பின்னால் முழு அமைதி. ஒன்றில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. ஒன்றில் வட்டு மதிலாக இருந்ததால், பொரிச்சல் எல்லாவற்றையும் மீறித் தட்டையே கேட்க மனம் வருகிறது. நான்காவது தட்டின் நடுத்துளை விலகியிருப்பதால் அதன் தாளை இன்னும் நிரப்பவில்லை.